பலம் எழுத விட்ட பக்கம்

என் மகளால் என்னென்ன முடியாது என்று கேளுங்கள், கால் மணி நேரம் நிறுத்தாமல் சொல்வேன். எழுத வராது. படிக்க வராது. சட்டைப் பட்டனை மேலும் கீழுமாகப் போடுவாள். பத்து ரூபாயும் ஐந்நூறு ரூபாயும் அவளுக்கு ஒரே காகிதம். சேர்ந்தாற்போல மூன்று வார்த்தை பேச மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பதினொரு வருடமாக டாக்டர், நர்ஸ், பால்வாடி டீச்சர், கார்டு கொடுக்கிறவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். கேட்கிற வரிசைகூட மாறாது. அதனால் பதிலும் எனக்கு வரிசையாக மனப்பாடம்.

போன வருடம் ஒரு பெண் வந்து, உங்கள் மகளுக்கு என்னென்ன முடியும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் சிறப்பாசிரியை. சேலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எங்கள் சுற்றுப்பக்கப் பள்ளிக்கூடங்களுக்கு முறை வைத்துப் போய், என் மகளைப் போன்ற பிள்ளைகளோடு உட்காருவது அவள் வேலை. சின்னப் பெண், கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. நான் வேலை செய்கிற கோழிப்பண்ணைக்கே நேராக வந்துவிட்டாள். பண்ணைக்குள் எந்த வண்டி வந்தாலும் சக்கரத்துக்கு மருந்துத் தண்ணீர் அடிப்போம். அவள் செருப்புக்கும் சேர்த்து அடித்தேன். காலை உதறிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் நோய் இல்லக்கா" என்றாள். "கோழிக்கு வராம இருக்கத்தானுங்க" என்றேன். சிரித்தாள். கோபப்படுவாள், திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். அதிகாரிகளைத் திருப்பி அனுப்புவதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

விஷயம் இதுதான். மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்திருந்தாள். முடித்தாள் என்றால், ஐந்து வருடம் பாயில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். ஆறாவதுக்கு டவுன் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியும் அந்தத் தலைமையாசிரியர் அவளைச் சேர்க்கவில்லை. முடியாது என்று அவர் சொல்லவில்லை, அப்படிச் சொல்லக் கூடாதாம். "வீட்டுவழிக் கல்வி இருக்குது. பிள்ளை கஷ்டப்படாம வீட்லயே படிக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். அப்படி எழுதிவிட்டால் டீச்சர் வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவாள். மற்ற நாளெல்லாம் பிள்ளை வீட்டில்.

எங்கள் வீடு பண்ணைக்குள்ளே சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை. வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் எட்டு மாதம், பத்து மாதம். அங்கே மழை பிடித்தால் வண்டியோடு திருச்செங்கோடு திரும்புவார். நான் விடிந்தால் ஷெட்டில். ஆக, வீட்டுவழிக் கல்வி என்றால் முட்டை அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது. ஒரு வருடம் அல்ல. நான் சாகிற வரைக்கும். அதற்குப் பிறகு எந்த மூலை என்று எனக்குத் தெரியாது.

"வெள்ளிக்கிழமை கூட்டம்" என்றாள் டீச்சர். "நீங்க, உங்க வீட்டுக்காரர், பாப்பா, நான், ஹெச்.எம். அஞ்சு பேரும் உக்காந்து முடிவு பண்ணணும். அதுக்கு முன்னாடி இதை நீங்க நிரப்பித் தரணும்."

கொடுத்தது ஒரு படிவம். தனிநபர் கல்வித் திட்டம் என்று மேலே போட்டிருந்தது. உள்ளே ஒரு முழுப்பக்கம் வெறும் கோடு. தலைப்பு, 'குழந்தையின் பலங்கள்'. அடுத்த பக்கமும் கோடு. 'பெற்றோர் எதிர்பார்க்கும் இலக்குகள்'.

"இத்தனை கோடு எதுக்குங்?" என்றேன்.

"எழுதத்தான்."

"முடியாததை எழுத எடம் எங்கீங்?"

"அது ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டாங்கக்கா."

பிறகு சும்மா பேச்சுக் கொடுத்தாள். சொன்ன பேச்சு கேட்பாளா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக் கதையைச் சொன்னேன். தீவன குடோனுக்கு முன்னால் அவளை நிறுத்தி, "அம்மா வார வரைக்கும் இங்கியே இரு சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஷெட்டில் ஒரு வேலை இழுத்துவிட்டது. மழை பிடித்துக் கொட்டியது. மேஸ்திரி கூப்பிட்டிருக்கிறார், லோடுமேன்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நகரவில்லை. நான் வந்து பார்க்கும்போது தொப்பலாக நனைந்து, பல் அடித்துக்கொண்டு, அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"சொன்னவியே வந்து சொன்னாத்தான் நகருமுங்க இது. வேற யார் சொன்னாலும் ஆகாது. அவ்வளவுதான் அறிவு" என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்தாள். "இதை அந்தப் பக்கத்துல எழுதுங்கக்கா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நனைந்து காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பலம் என்கிறாளே என்று.

நாலு நாள் அந்தப் படிவம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள், எழுத வராதவள் அல்ல. முதல் கோட்டில் 'நன்றாகச் சாப்பிடுவாள்' என்று எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்தேன். 'யாரையும் அடிக்க மாட்டாள்' என்று எழுதினேன். அது பலமா, யாரையும் கொல்ல மாட்டாள் என்று நல்ல பெயர் வாங்குவது போல. அதையும் அடித்தேன்.

மூன்றாவதாக எழுதியதை அடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்தால் அவள் முட்டை அறைக்கு வந்துவிடுவாள். நாங்கள் முட்டையைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்குகிறோம். கீறல் விழுந்த முட்டை கலந்துவிட்டால் லாரியில் உடைந்து அட்டை முழுவதும் நாறும். கீறல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முட்டையை ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் நல்லது ஒரு சத்தம், கீறல் ஒரு சத்தம். பல வருடமாகச் செய்கிற எனக்கே கோழிச் சத்தத்தில் தவறும். அவளுக்குத் தவறியதில்லை. மிக்ஸிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போகிற அதே காது. தட்டுவாள், தலையைச் சாய்ப்பாள், "ஒடஞ்சு" என்று ஓரமாக வைப்பாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மயிரிழை ஓடியிருக்கும். மேஸ்திரி, "உன்ற புள்ள மிஷினு" என்பார். மிஷின் என்பதுதான் அதுவரை என் மகளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

அதை எழுதினேன். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். ரிக் திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"என்ன புள்ள இது? எதுக்கு இதையெல்லாம் எழுதிக் குடுக்கிற?"

"கேட்டிருக்காங்கல்ல."

"கேட்டா? புடுங்கறதுக்குத்தான் கேப்பாங்க. முட்டை பொறுக்குமுன்னு நீயே எழுதிக் குடுத்தீன்னா, இதுக்கு என்ன கொறை, கார்டு எதுக்குன்னு கேக்க மாட்டானா? சதவீதத்தக் கொறச்சுப் போட்டுருவான். அத வாங்க நாம பட்ட பாடு மறந்து போச்சா?"

மறக்கவில்லை.

ஊனமுற்றோர் அட்டைக்காக மருத்துவ முகாமுக்குப் போனது அவளுக்கு எட்டு வயதில். மாற்றுத்திறனாளி என்று சொல்ல வேண்டுமாம். அந்த முகாமில் எல்லோரும் இஷ்டத்துக்கு எல்லாம் சொன்னார்கள், அது மட்டும் சொல்லவில்லை. ஒரு அளவுக்கு மேல் சதவீதம் போட்டால்தான் உதவித்தொகை, பஸ் பாஸ். எங்களுக்கு முன்னால் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். பிள்ளையைச் சுத்தமாகக் கூட்டிக்கொண்டு போகாதே. தலை சீவாதே. வயிற்றுக்குக் கொடுக்காதே, சிணுங்கினால் நல்லது. என்ன கேட்டாலும் பதில் வரக் கூடாது. ஊரில் வரன் பார்க்கப் போகும்போது பிள்ளைக்குப் பவுடர் போட்டுக் கூட்டிப் போவார்கள். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். பழைய கவுனைத் தேடி எடுத்தேன். இரண்டு நாளாகத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. பெற்றவள் நான்தான் செய்தேன், வேறு யாரையும் சொல்வதற்கு இல்லை.

முகாம் வாசலில் அவள் அப்பா அவளுக்கு முன்னால் குந்திச் சொன்னார். "சாமி, இங்க பாரு. பேனா வெச்சுட்டு மேசையில உக்காந்திருப்பாங்க. அவியளுக்கு முன்னால போனா வாயத் தொறக்கவே கூடாது. என்ன கேட்டாலும் பேசாத. கையத் தூக்குன்னா தூக்காத. அப்பன் பேசுன்னு சொல்ற வரைக்கும். வெளிய வந்து தட்டுவடை செட் வாங்கித் தாரேன்."

டாக்டருக்கு முன்னால் பெரிய வரிசை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். உன் பேர் என்ன என்றார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். கையைத் தூக்கு என்றார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் என் மனப்பாடத்தை ஒப்பித்தேன். அவர் குனிந்தபடியே எழுதினார், எண்பது சதவீதம் போட்டார். அன்றைக்கு அந்த முகாமில் கட்டளைக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தது என் மகள் ஒருத்திதான். அவள் தாளில்தான் 'கட்டளையைப் புரிந்துகொள்வதில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், சட்னி எல்லாம் வைத்துக் கொடுப்பார்கள். அதற்காக அவள் எதுவும் செய்வாள். சத்தமில்லாமல் தின்றாள். பஸ்ஸில் சத்தமில்லாமல் வந்தாள். பொழுது சாயும் வரை ஒரு சொல் இல்லை. ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் பயந்து போனேன். அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, பேசு என்று சொல்லவே இல்லை என்று. சொன்னார். "செட்டு... காரம்" என்றாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்று வருடம் கழித்து அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரு கூட்டம் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மகளுக்குத் தலை பின்னி, புது ரிப்பன் கட்டிக் கூட்டிப் போனேன். வழி முழுக்க வீட்டுக்காரர், "கார்டுக்குப் பங்கம் வராமப் பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளியில் சேர்க்க வேண்டும், ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லித் தரவில்லை.

தலைமையாசிரியர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். இல்லை என்று சொல்லப் போகிறவர்கள்தான் டீ வாங்கித் தருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் படிவத்தை விரித்தாள். "முதல்ல பெற்றோர் சொல்லட்டும் சார். பாப்பாவோட பலம் என்னன்னு."

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்தார். "எழுத வராதுங்க சார். படிக்க வராதுங்க. பட்டன் போட வராதுங்க. காசு தெரியாதுங்க..."

"சார், பலம்" என்றாள் டீச்சர்.

"அதைத்தானுங்க சொல்றேன். சேந்தாப்புல மூணு வார்த்தை பேசாதுங்க."

தலைமையாசிரியர் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். கிணறு தோண்டுகிறவர் தண்ணீர் வருகிற இடம் பார்த்து இறக்குவார் என்றுதான் நினைத்திருந்தேன். என் மனிதர் பாறையாகப் பார்த்து இறக்கிக்கொண்டே போனார். நான் குறுக்கே விழுந்து முட்டை விஷயத்தைச் சொன்னேன். தட்டுவது, சத்தம், மயிரிழைக் கீறல், எல்லாம். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்றேன்.

தலைமையாசிரியர் பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, பிள்ளையைப் பண்ணை வேலைக்கு விடறீங்களா? அது குற்றம் தெரியுமா? இதை நான் ஃபைல்ல வெக்கிறதா?"

ஆக, அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் குற்றம். டீச்சர் உடனே, "ஒலி வேறுபாடுகளை நுட்பமாக உணர்கிறாள்னு எழுதிக்கலாம் சார்" என்றாள். முட்டை மறைந்தது, ஒலி மட்டும் ஃபைலுக்குள் போனது. படிப்பு என்றால் என்ன என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

"இருக்கட்டும்" என்றார் அவர். "நானும் பிள்ளைக்கு நல்லதுதான் நெனக்கிறேன். நாப்பது பிள்ளைங்க இருக்கிற கிளாஸ். உக்காருன்னா உக்காரணும், வான்னா வரணும். நீங்க எடுத்துக்கினு வந்த மருத்துவத் தாள்லயே போட்டிருக்குது பாருங்க." அட்டையோடு வைத்திருந்த தாளை எடுத்துத் தமிழில் வாசித்தார். "கட்டளையைப் புரிந்துகொள்வதில்லை. டாக்டரே சொல்றாரு. நான் எப்படிச் சேர்க்கிறது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை.

"நேர்லயே பாத்துருவோமே" என்று தலைமையாசிரியர் மகள் பக்கம் திரும்பினார். குரலை இனிப்பாக்கிக்கொண்டார். "பாப்பா, உன் பேர் என்ன?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, எழுந்து நில்லு பார்ப்போம்."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

வீட்டில் அந்த இரண்டும் அவளுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. பேர் கேட்டால் சொல்வாள், நில் என்றால் நிற்பாள். டீச்சருக்கே முகம் விழுந்துவிட்டது. தலைமையாசிரியர் கையை விரித்தார். எனக்குத்தான் பார்த்த கணமே புரிந்துவிட்டது. மேசை. பேனா. பக்கத்தில் அப்பா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை இப்படி ஒரு மேசை முன்னால் யாரும் உட்கார வைத்ததே இல்லை. முகாமுக்குப் பிறகு இதுதான் முதல் மேசை. அன்றைக்குப் பொழுது சாய்ந்து அவர் பேசு என்றது வீட்டுக்குத்தான், மேசைக்கு இன்னும் சொல்லவில்லை. மூன்று வருடம் ஆகியும் அப்பா சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை.

"சாமி, பேசு. அம்மா சொல்றேன், பேசு" என்றேன்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்லி ஆகாது. சொன்னவர் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, சொல்லுங்க" என்றேன் அவரிடம்.

அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இப்போது அவள் பேசினால் முகாமில் பேசாதது ஏன் என்று கேள்வி வரும். மேசை மேல் ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் படிவம். இரண்டும் அவள் பெயரில்தான் இருந்தன.

"என்னம்மா, என்ன சொல்லணும்?" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்லப் போறீங்களா, இல்ல நான் எல்லாத்தையும் சொல்லட்டுங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கு நேராகக் குனிந்தார். முகாம் வாசலில் குந்திய மாதிரியே இங்கும் குந்தினார்.

"சாமி. போதும் சாமி. அப்பன் சொல்றேன். பேசு."

அவள் முதலில் மூச்சை விட்டாள். பிறகு தன் பேரைச் சொன்னாள். எழுந்து நின்றாள். அப்பா பேரைச் சொன்னாள். என் பேரைச் சொன்னாள். யாரும் கேட்காமலே எங்கள் ஊர் பஸ் வருகிற நேரத்தைச் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கணக்கைத் தீர்க்கச் சொன்னாள்.

"செட்டு?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அவருக்கு எண்ணம் ஓட ஆரம்பித்துவிட்டது. "போதும்னா? என்ன போதும்?" என்றார்.

நான் சொன்னேன். எண்ணெய் வைக்காத தலை, பழைய கவுன், மேசை, பேனா, அப்பன் சொல்கிற வரைக்கும். எதையும் விடவில்லை. "அந்த டாக்டர் எழுதினது எங்க பொய்யிங்க சார். புள்ளையோடது இல்லீங்க" என்றேன். வீட்டுக்காரர் குந்திய இடத்திலிருந்து எழவே இல்லை.

"அப்ப கார்டே பொய்யா?" என்றார் தலைமையாசிரியர்.

"கொறை பொய் இல்லீங்க. பட்டன் போட வராதது நெசம். ரூபா தெரியாதது நெசம். நீங்க வேணா இப்பவே பட்டன் போடச் சொல்லிப் பாருங்க. சுத்தமா வந்தா கார்டு குடுக்கிறதில்ல, பேசினா குடுக்கிறதில்ல. அழுக்கா வந்தா இங்க சேக்கிறதில்ல, பேசாட்டிச் சேக்கிறதில்ல. நாங்க எந்த மேசைக்கு எந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாரதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அப்படியே கூட்டிட்டு வாரோம்."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

டீச்சர்தான் மெதுவாகச் சொன்னாள். "சார், மூணு வருஷம் முன்னாடி ஒரு தடவை சொன்ன கட்டளை. நம்ம ஒன்பதாவது பசங்க மூணு நிமிஷம் ஞாபகம் வெச்சிருப்பாங்களா?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். ஒன்பதாவதை நினைத்துக்கொண்டார் போல. மருத்துவத் தாளை ஃபைலுக்கு அடியில் தள்ளினார். "காலாண்டு வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல நான் சொல்றதுக்கு இல்ல" என்றார். அப்போதைக்கு அது போதும் என்று எனக்குப் பட்டது. வாழ்க்கையில் எனக்கு எதையும் யாரும் காலாண்டுக்கு மேல் தந்ததில்லை.

"இலக்கு பக்கம் காலியா இருக்குதேக்கா" என்றாள் டீச்சர். "ஒண்ணாவது சொல்லுங்க. தன் பேரை எழுதணும், பணம் எண்ணணும், ஏதாவது."

நான் மகளைப் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தாள். எழுந்து நில் என்று சொன்னவர் உட்கார் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் மறந்துவிட்டிருந்தார். ராத்திரி வரைக்கும் விட்டாலும் நிற்பாள். நாளைக்கு அவளுக்குப் பதினைந்து, இருபது வயது ஆகும். யாரோ ஒருவன் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன், யாரிடமும் சொல்லாதே, நான் சொல்கிற வரைக்கும் என்று சொல்வான். சொல்ல மாட்டாள். அப்பனும் ஆத்தாளும் பழக்கி வைத்தது அது.

"'மாட்டேன்'னு சொல்லப் பழகோணுமுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்காச்சும். என்ற கிட்ட, அவிய அப்பன் கிட்ட, யார் கிட்டயாச்சும். யார் என்ன சொன்னாலும் கேக்கற புள்ளையா இருக்கக் கூடாது. அத மட்டும் சொல்லிக் குடுங்க. ரூபா எண்றது அப்புறம் பாத்துக்கலாம்."

தலைமையாசிரியர் முதல்முறையாகச் சிரித்தார். "ஏம்மா, அதைப் போய் நாங்க சொல்லித் தரணுமா? இங்க இருக்கிறதுங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அது ஒண்ணைத்தான் சொல்லுதுங்க."

"அப்ப நல்ல பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருக்கோமுங்க சார்" என்றேன்.

டீச்சர் அதை எப்படி எழுதினாள் என்று பிறகு பார்த்தேன். 'தன் விருப்பமின்மையை வெளிப்படுத்துதல்' என்று இருந்தது. பலம் பக்கத்தில் மழைக் கதையையும் அவளே எழுதிவிட்டாள், 'கொடுத்த கட்டளையை இறுதிவரை கடைப்பிடித்தல்' என்று. காய்ச்சலைப் பற்றி ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அவர் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. அவரைப் பேசு என்று சொல்ல யாரும் இல்லை. அட்டையை இன்றுவரை யாரும் பிடுங்கவில்லை. புதுப்பிக்கப் போகும்போது தலை சீவித்தான் கூட்டிப் போவேன் என்று சொல்லிவிட்டேன். மழை விட்டதும் ரிக்கோடு போய்விட்டார். போனில் தினமும் முதல் கேள்வி, "பள்ளிக்கூடம் போச்சா?"

போனாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பேர் எழுத வரவில்லை. பட்டன் இன்னும் மேலும் கீழும்தான். காலாண்டு வந்தது, போனது. தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் முட்டை லாரி சீக்கிரம் வந்துவிட்டது. அட்டைகள் மலையாகக் கிடந்தன. மகள் பள்ளி விட்டு வந்து வாசலில் கூழாங்கற்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். "சாமி, வா, வந்து தட்டு" என்று கூப்பிட்டேன். தலையைத் தூக்காமல், "மாட்டே" என்றாள்.

கேட்டது சரிதானா என்று இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"மாட்டே. போ."

கை ஓங்கிவிட்டேன். அவள் கல்லை எடுத்து அடுத்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த சொல். வரும்போது இவ்வளவு ஆத்திரம் வரும் என்று எந்தப் படிவத்திலும் போடவில்லை.

கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் நானே தட்டினேன். அன்றைக்குப் போன லோடில் ஏழு கீறல் தப்பிப் போய்விட்டது. மறுநாள் மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார், மிஷின் எங்கே போச்சு என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு என்றேன்.